இடது குதிகால்

டீன் ஓல்ஸ்டாட் என்பவனுடைய இடது குதிகாலுக்கு ஒனீடா கில்லரி வைத்த விலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. முழு ஞாயிறு. சனியில் பாதி, திங்களில் பாதி என்று ஒட்டுப்போட்ட சரக்கெல்லாம் அவளிடம் செல்லாது. விலைமதிப்பில்லாதது என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதை அவள் ஒத்துக்கொண்டதே கிடையாது. அப்படிச் சொல்கிறவன் வாங்க வக்கில்லாதவனாக இருப்பான், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கப் போகிறான் என்பது அவள் கட்சி. சர்க்கரை ஆலை வாசலில் பதினோரு வருஷமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவளுக்கு வேறு கட்சி எங்கே கிடைக்கும்?

அக்டோபர் பாதி. ஆலை ஆட ஆரம்பித்து மூன்றாவது வாரம். சாந்த் ஓமேர் ஊரில் அந்த நாட்களில் கரும்பு வண்டி சிந்தின துண்டுகளைப் பின்னால் வருகிற வண்டி நசுக்கி நசுக்கித் தார்ச்சாலையே இனித்துக் கிடக்கும். காய்ந்த கரும்புச் சோகை எரிக்கிற புகை விடியற்காலையில் ஓடைமேல் படுத்திருந்துவிட்டு, வெயில் ஏறினதும் எழுந்து, கொடியில் காயும் வெள்ளைத் துணியாகப் பார்த்துக் கரித்தூளைப் போட்டுவிட்டுப் போகும். முந்தின வருஷப் புயல் தூக்கின கூரைகளில் நீலத் தார்ப்பாய் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. ஒனீடாவின் கடைக்கூரையும் அதில் ஒன்று.

கடை என்பது பழைய படகுக் கொட்டகை. உள்ளே நாலு மேஜை, ஒரு தொலைக்காட்சி, வெளியே பார்த்து ஒரு ஜன்னல். திங்களுக்கு வெள்ளை மொச்சையும் புகைபோட்ட தொத்திறைச்சியும். செவ்வாய்க்குப் பன்றிக்கறிக் குழம்பு. வெள்ளிக்கு இறாலும் வெண்டைக்காயும். எல்லாவற்றுக்கும் அடியில் சோறு. தட்டுக்கு முதலில் காசு, அப்புறம்தான் கரண்டி. ஆலை மேலாளரே வந்தாலும் அதுதான் சட்டம்.

அந்தத் திங்கட்கிழமை சோற்றுப்பானையை இறக்கி வைத்தவன் அவள் புருஷன் லசார். ஆறடி நாலங்குலம், நூற்று நாற்பது கிலோ. பானை அவன் கையில் செம்பு மாதிரி இருந்தது. வைத்துவிட்டு நிமிரும்போது முட்டி 'டக்' என்றது. ஒனீடா கேட்டாள், கேட்காத மாதிரி இருந்தாள். அவள் அப்படி இருந்ததை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி மொச்சையைக் கிண்டினான்.

லசார் தொழில்முறைப் பந்தாட்டக்காரன்; காலால் உதைக்கிற ஆட்டமல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு இடித்துத் தள்ளி ஆடுகிற ஆட்டம். அப்படியென்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன், அவன் படத்தைப் பையன்கள் சுவரில் ஒட்டுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து பேரில் இவன் ஒருவன். நடுவில் குனிந்து பந்தைக் கால்சந்து வழியாகப் பின்னால் கொடுக்கிறவனுக்கு இடப்பக்கத்து ஆள். ஆறு வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே பந்து அவன்மேல் பட்டது ஒரே தடவை, அதுவும் பின்மண்டையில். எங்காவது ஒருவனுக்குக் கால் முறிந்தால் இவனுக்குப் போன் வரும். முறிந்த கால் கூடினதும் விடுதி அறைக் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடுறாரு, ஆட்ட ஏட்டையும் எடுத்துக்கிட்டு வா" என்பார்கள். ஏட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஆறு வருஷம், ஏழு அணி, நடுவில் ஒரு வசந்தகாலம் ஜெர்மனியில் கூலிக்கு. கடைசியாகக் கதவு தட்டப்பட்டது போன புதன்கிழமை, வடக்கே ஏரிக்கரை நகரத்து அணியில்.

"ரெண்டு ஆட்டம்," என்றாள் லசாரின் அக்கா வெர்லீன், மொச்சைத் தட்டை வாங்கிக்கொண்டே. ஆலை எடைமேடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஞாயிறு பிரசங்கத்தையே நிறுத்துப் பார்த்துக் கழிவு போடுவாள். "சரியா ரெண்டு ஆட்டம் ஆடவிட்டான். மூணாவதுக்கு முன்னாடி கழட்டி விட்டான். கேட்டா தற்செயலாம். வண்டிக்கு அடியில மண்ணைப் போட்டு மேல கரும்பைப் பரப்பிக் கொண்டாறவனும் எங்கிட்ட தற்செயல்னுதான் சொல்றான்."

"மூணு ஆடினா என்ன யக்கா?" என்றான் வண்டியோட்டி ஓவிட்.

"மூணு ஆட்டத்துக்குப் பட்டியல்ல பேரு இருந்தாத்தான் அதை ஒரு வருஷம்னு எழுதுவான். அப்படி மூணு வருஷம் எழுதினாத்தான் பின்னாடி ஓய்வூதியம். ஆட்டத்தை விட்டபெறகு அஞ்சு வருஷம் வைத்தியச் செலவும் அவங்க பாடு. என் தம்பிக்கு ரெண்டு வருஷம் எழுதியிருக்கு. இந்த வருஷத்துல ரெண்டு ஆட்டம் இருக்கு."

"ஆறு வருஷமா ஆடுறாருல்ல?"

"ஆடுறான். ஒரு வருஷம் ரெண்டு ஆட்டம், ஒரு வருஷம் ஒண்ணு, ஒரு வருஷம் முழுசும் ஆட்டத்துக்கு இறக்காத பயிற்சிக் கும்பல்ல. சில்லறையைக் கூட்டி நோட்டாக்க மாட்டான் அவன்."

"அப்ப ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி!"

"சத்தமாச் சொல்லு. ஆலைச் சங்கை வேணா ஊதச் சொல்லட்டா?" என்றான் லசார்.

சிரித்தார்கள். ஒனீடா சிரிக்கவில்லை. அந்த முட்டியில் இனித் தேய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் படம் எடுத்து, விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டியிருந்தார். கழுத்து எலும்பிலும் ஏதோ இருந்தது. முப்பத்தைந்து வயசுக்குள் முட்டியை மாற்றியாக வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் வந்து லசார் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டான். மொச்சை நன்றாயிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் போன் அடித்தது. லசாருக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற தரகன் லோவல்.

லசார் 'ம்' 'ம்' என்று ஏழெட்டு 'ம்' சொல்லிவிட்டு வைத்தான். "ஆத்து அணி நாளைக்கு வரச் சொல்லுது. சோதனைக்கு."

ஆற்றங்கரை நகரம் நாலு மணி நேரக் கார்ப் பயணம். ஓவிட் மேஜையைத் தட்டினான். "பார்த்தியா! வாயில வச்சேன், வந்துருச்சு."

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆத்து அணிக்கு இந்த ஞாயிறு யாரோட ஆட்டம்?"

ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏரி அணியோடு.

"அதானே பார்த்தேன்," என்றாள் வெர்லீன். "மண்ணு இருக்கு."

சாயங்காலம் கடைக்குப் பின்னால், குழாயடியில், ஒனீடா பானை தேய்த்தாள். லசார் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து முட்டிக்குப் பனிக்கட்டி கட்டிக்கொண்டிருந்தான். மேற்கே எரிகிற கரும்புக்காடு வானத்தில் பாதியைச் சிவப்பாக்கி வைத்திருந்தது.

"முட்டியைக் கேக்குறாங்களா, மூளையைக் கேக்குறாங்களா?" என்றாள்.

"மூளையைத்தான். எல்லா அணியும் செய்றதுதான் ஒனீடா. எதிராளி போன வாரம் யாரைக் கழட்டிவிட்டானோ அவனை இந்த வாரம் கூப்பிட்டு உக்கார வச்சு, அங்க என்ன சைகை, என்ன குறிச்சொல்லுன்னு கறந்துக்குவான்."

"கறந்துட்டு?"

"காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிருவான்."

"நீ சொல்லுவியா?"

"சைகையெல்லாம் சொல்லுவேன். சொன்னா என்ன? நான் வெளியேறின அன்னிக்கே மாத்தியிருப்பாங்க. அது ஊருக்கே தெரிஞ்ச வித்தை."

ஒனீடா பானையைக் கவிழ்த்தாள். "குதிகால்?"

லசார் பனிக்கட்டியை முட்டியிலிருந்து எடுத்தான். "அதை எதுக்கு இப்ப எடுக்குற?"

விஷயம் இதுதான். டீன் ஓல்ஸ்டாட் ஏரி அணியின் நடு ஆள், பந்தைக் கொடுக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லசார் ஒரு முழுப் பருவமும் அவனுக்கு இடப்பக்கம் நின்றான். வெளியூர் மைதானத்தில் கூட்டம் போடுகிற கூச்சலில் எறிகிறவன் சொல்கிற எண்ணிக்கை காதில் விழாது. அதனால் டீன் குனிந்தபடி தலையை ஒருமுறை தூக்கி இறக்குவான். அதற்கப்புறம் பந்து முதல் தாளத்தில் போகலாம், இல்லை இரண்டாவது தாளத்தில் போகலாம். எது என்று அந்த வரிசைக்கு மட்டும் தெரியும். எதிரே நிற்கிற தடியனுக்குத் தெரியாது. அந்த அரை நொடித் தயக்கத்தில்தான் டீன் தலை நிமிர்கிறான். ஆனால் பந்து இரண்டுக்குப் போகும்போதெல்லாம் டீனின் இடது குதிகால் ஒரு நூல் மேலே எழும்பும். அவனுக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற லசார்தான் கண்டு சொன்னான். டீன் நிறுத்தப் பார்த்தான். நிறுத்த நினைத்தால் இன்னும் எழும்பியது. அதற்கப்புறம் லசார் தன் காலைச் சற்றுப் பின்னால் சாய்த்து வைத்து, அதை மறைத்தபடியே பதினாறு ஆட்டம் ஆடினான்.

தெரிந்தவர்கள் நாலு பேர். இரண்டு ஆம்பிளைகள், அவர்களுடைய இரண்டு பெண்டாட்டிகள்.

"ஒரு ஞாயிறு போதும் நமக்கு," என்றாள் ஒனீடா. "அந்தக் குதிகாலுக்கு ஒரு ஞாயிறு கொடுப்பாங்க."

"அவன் கழுத்து உனக்குத் தெரியும்ல? போன வருஷம் அடிபட்டு ரெண்டு நாள் கை மரத்துக் கிடந்தவன். பந்து எப்பப் போகுதுன்னு எதிராளிக்குத் தெரிஞ்சா, அவன் குனிஞ்ச தலை நிமிர்றதுக்குள்ள வந்து இடிச்சிருவான். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுன்னு நான் எங்க சொன்னேன்? விலை சொன்னேன்."

லசார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "வெர்லீன் அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"மதினிகிட்டயா? எடைமேடையில எழுதி ஒட்டுறதுக்கா?" என்றாள். ஆனால் அவன் அப்படிக் கேட்டது அவளுக்கு உள்ளே போய்த் தங்கிவிட்டது.

செவ்வாய் மதியம், கடை முழுக் கூட்டத்தில், போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குழம்பு ஊற்றினாள்.

"ஓடச் சொன்னாங்க, தள்ளச் சொன்னாங்க. பத்து நிமிஷம். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் ஒரு அறையில. வரிசைக் கோச் பக்னர்னு ஒருத்தன், சாக்பீஸைக் கையில கொடுத்து எழுதச் சொல்றான்."

"எழுதினியா?"

"தெரிஞ்ச சைகையெல்லாம் எழுதினேன். 'இதெல்லாம் எங்ககிட்டயே இருக்கு'ங்குறான். பயிற்சிக் கும்பல்ல ஒரு இடம் தர்றானாம்."

"கும்பல்ல இருந்தா அது ஆட்டக் கணக்குல வருமா?"

"...வராது."

"அதான் தர்றான். ஓவிட், காசை வச்சுட்டுத் தட்டைத் தொடு. லசார், கேளு. உள்ளதெல்லாம் கொட்டிட்டுக் கூலி கேட்டா எவனும் தர மாட்டான். உங்கிட்ட ஒண்ணு இருக்குன்னு சொல்லு. டீன் ஒண்ணுக்குக் கொடுக்கிறானா ரெண்டுக்குக் கொடுக்கிறானான்னு பார்த்த மாத்திரத்துல கண்டுபிடிக்கலாம்னு சொல்லு. எப்படின்னு சொல்லாத. பேரைப் பட்டியல்ல ஏத்தட்டும். பேரை ஏத்திட்டு ஞாயிறுக்குள்ள எடுக்க முடியுமா?"

"சனிக்கிழமை மூணு மணி வரைக்கும் எடுக்கலாம். அதுக்கப்புறம் பட்டியலை மூடிருவாங்க."

"அப்ப சனிக்கிழமை மூணு அஞ்சுக்குச் சொல்றேன்னு சொல்லு."

"ஒனீடா, அப்புறம் சொல்லியாகணுமே."

"அது சனிக்கிழமைப் பாடு."

பக்னர் கத்தினானாம். பிறகு சிரித்தானாம். "உன் தரகனைவிட உன் பெண்டாட்டி கெட்டிக்காரி" என்றானாம். போன் பேசும்போது கதவருகில் நின்று கேட்டிருக்கிறான். புதன்கிழமை காலை லசார் கில்லரியின் பேர் பட்டியலில் ஏறியது. ஓவிட் பத்திரிகையைக் கத்தரித்துக் கடை ஜன்னலில் ஒட்டினான். வெர்லீன் வந்து அதை நின்று வாசித்துவிட்டு, "பக்கத்துலயே சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு பாரு," என்றாள். அது டயர் விளம்பரம். இருந்தாலும் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை மழை. கரும்பில் சேறு ஏறி, வண்டிகள் எடைமேடையில் வரிசையாக நின்று, சாப்பாட்டுக்கு ஆள் வரத் தாமதமானது. ஒனீடா இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். டீனின் பெண்டாட்டி ஆர்லிஸ் போனில் கூப்பிட்டாள்.

ஆர்லிஸ் பனி தேசத்துக்காரி. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாம் ஒரு வெங்காயம் நறுக்கிவிடலாம். லசாருக்கு முட்டியில் கத்தி வைத்த அன்று, தெரியாத ஊரில், ஒனீடாவோடு ஏழு மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். உருளைக்கிழங்கு மூடிச் சுட்ட கறியை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். அதில் உப்பு, காரம், எதுவும் கிடையாது. ஒனீடா முழுதும் சாப்பிட்டாள்.

"லசார் முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு. டீன் கழுத்து?"

"இருக்கு."

மழை தார்ப்பாயில் அடித்தது.

"ஆத்து அணிக்குப் போயிட்டானாமே."

"வேலைக்குக் கூப்பிட்டாங்க, போயிருக்கான்."

"நல்லது. வேலை வேணும்ல." கொஞ்ச நேரம். "டீனுக்கு ஏதாவது போன் பண்ணினானா?"

"இல்லையே. இந்த வாரத்துல பண்ணக்கூடாதுல்ல. பண்ணினாலே தப்பா நினைப்பாங்க, ரெண்டு பக்கமும்."

"ஆமா. தப்பா நினைப்பாங்க." இன்னும் கொஞ்ச நேரம். "ஒனீடா, உனக்கு எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

இறால் கையில் வழுக்கியது. 'உன் புருஷன் குதிகால் பத்திரமா இருக்கு ஆர்லிஸ், லசார் சொல்ல மாட்டான்' என்று ஒரு வரி. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ஆர்லிஸ் டீனிடம் சொல்வாள். டீன் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பான். அது சுற்றிக்கொண்டு பக்னர் காதுக்குப் போனால் பட்டியலிலிருந்து பேர் போகும். பேரம் முடிகிறதுக்கு முன்னால் பையைத் திறந்து காட்டுகிறவளா ஒனீடா? அதோடு, இவள் ஏன் கூப்பிட்டாள்? டீன்தான் பக்கத்தில் நின்று கூப்பிடச் சொல்கிறானோ?

"என்ன இருக்கு? மழைதான். நல்ல மழை இங்க," என்றாள்.

"சரி," என்றாள் ஆர்லிஸ். "இங்கயும்."

சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஒனீடாவின் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒருவனுக்கு இரண்டு முறை குழம்பு ஊற்றினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. வெர்லீன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று அடித்தது. மூன்று ஐந்து. மூன்று பத்துக்குப் போன்.

"பேர் நிக்குது," என்றான் லசார். "மூடிட்டாங்க."

ஒனீடா பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷம், முட்டி, கழுத்து, காகிதத்தைப் பைக்குள் போட்ட அந்தக் கம்பெனிக்காரன், எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது.

"கதவைச் சாத்திட்டேன், பக்னர் வெளிய நிக்கிறான். இப்பச் சொல்லணும். 'ஒண்ணும் கிடையாது, சும்மா சொன்னேன்'னு சொல்லிரட்டுமா?"

"பைத்தியமா? ஏமாத்துக்காரன்னு முப்பத்திரண்டு அணிக்கும் போன் போட்டுருவான். திங்கட்கிழமை வேற எவன் உன்னைக் கூப்பிடுவான்? சொல்லு. குதிகாலையே சொல்லு."

"ஒனீடா!"

"முழுசாக் கேளு. தலைகீழாச் சொல்லு. குதிகால் எழும்பினா பந்து ரெண்டுக்குப் போகும்ல? எழும்பினா ஒண்ணுக்குப் போகும்னு சொல்லு. இவங்க ஆளு ஒண்ணுக்குன்னு நினைச்சு முன்னாடியே பாய்வான்; கோட்டைத் தாண்டிட்டான்னு அபராதம் விழும். ரெண்டு தடவை விழுந்தா, இது வேலைக்காகாதுன்னு அவங்களே விட்டுருவாங்க. கேட்டா, இத்தனை நாளா அப்படித்தான் இருந்துச்சு, டீன் மாத்திட்டான் போலன்னு சொல்லிரு. உனக்கும் பொல்லாப்பில்லை, டீனுக்கும் ஒண்ணுமாகாது."

லசார் சிரித்தான், ஐந்து நாளில் முதல் தடவையாக. "உங்கப்பன் உன்னைச் சந்தையிலதான் பெத்துப்போட்டானா?"

"ஆமா, எடைக்கல்லுக்குப் பக்கத்துல. போய்ச் சொல்லு."

ஞாயிறு மதியம் கடையில் நிற்க இடமில்லை. ஆலைக்கு ஞாயிறு கிடையாது. ஷிப்ட் முடிந்தவர்கள் சக்கைத் தூசியோடு அப்படியே வந்துவிட்டார்கள். திரையில் லசார் ஒரு தடவை தெரிந்தான், ஓரத்தில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. கடை அதிர்ந்தது. அவனை ஆட இறக்கவில்லை. இறக்க வேண்டியதுமில்லை, பட்டியலில் இருந்தால் போதும்.

கொட்டகையில் எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். ஒனீடா மட்டும் டீனின் இடது காலைப் பார்த்தாள்.

டீன் குனிந்தான். தலையைத் தூக்கி இறக்கினான். குதிகால் எழும்பியது, தெளிவாகவே எழும்பியது, ஒரு நூல் அல்ல, ஒரு விரல் அளவு. ஒனீடா மனதுக்குள் 'ஒண்ணு, ரெண்...' என்பதற்குள் பந்து போய்விட்டது. முதல் தாளத்திலேயே. எதிரே நின்ற தொண்ணூற்றேழாம் எண்காரன் அதே கணத்தில் பாய்ந்து டீனின் நெற்றியில் இடித்து மல்லாத்தினான்.

தவறிப் போயிருக்கும் என்று நினைத்தாள். அடுத்தது: குதிகால் எழும்பவில்லை, பந்து இரண்டுக்குப் போனது, தொண்ணூற்றேழு பொறுமையாக நின்று சரியாகப் பாய்ந்தான். அதற்கடுத்தது: எழும்பியது, ஒன்றுக்குப் போனது, இடி.

கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"ஏ யப்பா! அவனுக்கு முன்கூட்டியே தெரியுதுடோய்," என்று ஓவிட் கத்தினான். "ஜோசியக்காரனை இறக்கியிருக்காங்க!"

டீன் தலைகீழாக்கிவிட்டான். லசார் சொல்லிவிடுவான் என்று நினைத்து, வேண்டுமென்றே, தலைகீழாக்கி வைத்திருக்கிறான். இவர்களும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒனீடா போனை எடுத்தாள். யாருக்குப் போடுவது? லசாரின் போன் மைதானத்தில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆர்லிஸ் எண்ணைப் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் லசார் இன்னொரு தடவை தெரிந்தான். பக்னர் அவன் தோளில் தட்டிக்கொண்டிருந்தான். லசார் டீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது. கோட்டுக்குள் போய்ச் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துக்குக் கத்த முடியாது.

ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் விழுந்த டீன் எழுந்திருக்கவில்லை. கை ஒன்று புல்லில் அசையாமல் கிடந்தது. நாலு நிமிஷம். வெளியே ஒரு வண்டி சேற்றில் திணறுவது கேட்டது. கழுத்துக்குப் பட்டை கட்டிப் பலகையில் வைத்துத் தூக்கினார்கள். அசைகிற கையின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் கைதட்டியது, எதிரணிக் கூட்டம்தான், மரியாதைக்கு.

வெர்லீன் திரையிலிருந்து மெதுவாகத் திரும்பி ஒனீடாவைப் பார்த்தாள். எடைமேடையில் வண்டியைப் பார்க்கிற பார்வை. தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமைதான் ஆர்லிஸ் போனை எடுத்தாள்.

"கைக்கு உணர்ச்சி வந்துருச்சு," என்றாள் எடுத்ததுமே. "நடக்குறான். இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. அடுத்த வருஷம் பார்க்கணும்."

"ஆர்லிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை கேட்டேன்."

"இப்பச் சொல்றேன். லசார் டீனைக் காட்டிக் கொடுக்கல."

"ஒனீடா, நாங்க அடுக்களையில நின்னு நாலு நாள் பழகினோம். குதிகாலை நிறுத்த முடியல அவனுக்கு, ஆனா மாத்தித் தூக்க வந்துச்சு. நான்தான் எண்ணினேன், ஒண்ணு, ரெண்டுன்னு. லசார் உள்ளதைச் சொல்லியிருந்தா உங்க ஆளுங்க முன்னாடியே பாய்ஞ்சு மாட்டியிருப்பாங்க. ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணுமில்லை. ரெண்டும் நடக்கல. அப்ப நாங்க மாத்தினதை யாரோ போய்ச் சொல்லியிருக்கணும். எங்க வரிசைக்குத் தவிர யாருக்கும் தெரியாது. லசார் எங்க பசங்கள்ல யாரைப் பிடிச்சான்?"

"யாரையும் பிடிக்கல. அவன் பொய் சொன்னான். டீனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தலைகீழாச் சொன்னான். நான்தான் சொல்லச் சொன்னேன். நீங்களும் தலைகீழாக்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆர்லிஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நீ பெரிய வியாபாரிதான்," என்றாள் கடைசியில். "இதைவிட நல்ல பொய் உங்கிட்ட இல்லையா?"

வைத்துவிட்டாள். ஒனீடா திரும்பக் கூப்பிடவில்லை. உண்மையைக் கொண்டுபோய் வைத்தால் மண்ணென்று கழிக்கிற எடைமேடையில் அவள் நின்றது அதுவே முதல் தடவை.

பக்னர் சந்தோஷத்தில் லசாரை விடவில்லை. "நீ கொடுத்தது தங்கம்" என்று இன்னும் மூன்று வாரம் வைத்துக்கொண்டான். ஒரு வாரம் ஆடவும் இறக்கினான். நவம்பரில் யாருடைய கணுக்காலோ கூடியது; கதவு தட்டப்பட்டது; ஏட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். டீனுக்கு இரண்டு கடிதம் எழுதினான். ஒன்று பிரிக்காமல் திரும்பி வந்தது. ஒன்று வரவில்லை, அதை நல்ல சகுனம் என்று லசார் சொன்னான். ஒனீடா மறுத்துச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஆலை ஓய்ந்தது. சாலையில் இனிப்புப் போய்ச் சேறு மட்டும் மிஞ்சியது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது: கில்லரி, லசார். எழுதப்பட்ட வருஷங்கள் மூன்று. உரிமை உறுதி. லசார் அதை ஒருமுறை வாசித்துவிட்டு மேஜையில் வைத்தான். முட்டிக்கு நாள் குறிக்க வைத்தியரைப் பார்க்கப் போனான், வாசற்படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி.

கடையில் ஆளில்லை. ஒனீடா காகிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

லசார். வேண்டியது: 1 ஞாயிறு.
வந்தது: 4.
கூடுதல்: 3.

டீன் ஓல்ஸ்டாட். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவன் அணி ஆடியது: 10.
அவன் ஆடியது: 0.

கூடுதல் மூன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஆட்கள் இல்லை என்று தெரியும். தெரிந்தும் கழித்துப் பார்த்தாள்.

பாக்கி: 7.